இதர கால்நடை

படிவத்தில் பன்னிரண்டு கட்டம்.
வெளிமானுக்கு மூன்று: கிடா, பெட்டை, குட்டி.
புள்ளிமான், நரி, காட்டுப்பன்றி, முயல்,
குரங்குக்குக்கூட ஒன்று.
மட்டக்குதிரைக்கு இல்லை.
"கடைசியில 'இதர கால்நடை'ன்னு இருக்குல்ல,
ஊர் மாட்டோட சேத்து எழுதிரு"
என்கிறார் வனவர் அருளப்பன்.

கோடியக்கரைக் காட்டில் நான்
தினக்கூலிக் காவலன்.
தற்காலிகம் ஆகிப் பதினோரு வருஷம்.

மாசி. காலை ஆறு மணி. மூன்றாம் கோடு.
கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே
வெடித்த சேற்றில் உப்பு பூத்துக் கிடக்கிறது.
கூட நடப்பது கல்லூரியிலிருந்து வந்த நிரஞ்சனா,
கழுத்தில் தொலைநோக்கி, சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய்.
"மொத்தம் எவ்வளவுண்ணே இருக்கும்?"
எண்ணினால் தெரியும் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

அவள் சொல்வதில் பொய்யும் இல்லை.
காடு மானுக்கென்று ஒதுக்கியது.
புல் ஒரு பிடி, வாய் இரண்டு.
மான் நுனி கிள்ளும்;
குதிரைக்கு மேலும் கீழும் பல், மண்ணோடு ஒட்ட மேயும்.
நானே பார்த்திருக்கிறேன், அது மேய்ந்த இடம்
சிரைத்த தலை மாதிரி இருக்கும்.
பிடித்து லாரியில் ஏற்றுவதா, காயடித்து விடுவதா,
வேதாரண்யத்தில் அடுத்த மாதம் கூட்டம்.
இந்தக் கணக்கு அதற்குத்தான்.

போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து
யார் வீட்டுக் குதிரை இது என்று கேட்டார்.
டச்சுக்காரன் விட்டுப்போனது.
இல்லை, உப்பு மூட்டை சுமந்தது,
லாரி வந்ததும் அவிழ்த்து விட்டார்கள்.
கப்பல் உடைந்து நீந்திக் கரையேறியது என்றும் ஒரு பேச்சு.
அவிழ்த்தவன் பெயர் மட்டும் எவருக்கும் தெரியவில்லை.
"குதிரை கீழே தள்ளுனது பத்தாதுன்னு
குழியும் பறிச்சுதாம்" என்றார் ஓர் அதிகாரி.
மேசை முழுக்கச் சிரித்தது. டீ வந்தது.

நான் சிரிக்காததற்குக் காரணம்
அதை நிஜமாகவே பார்த்திருந்தேன், ஆடியில்.
தொட்டி வறண்டு ஒன்பது நாள்.
தண்ணீர் வண்டிக்கு டீசல் பில் பாஸாகவில்லை.
மணல்மேட்டுப் பள்ளத்தில்
இடதுகாது கிழிந்த ஒரு செவலைப் பெட்டை
முன்னங்காலால் குழி பறித்துக்கொண்டிருந்தது.
நாயின் அவசரம் இல்லை.
தோண்டும், நிற்கும், மூக்கை விட்டுப் பார்க்கும்,
மறுபடி தோண்டும்.
முழங்கால் ஆழத்தில் மணல் கறுத்தது.
மூன்று குதிரைகள் குடித்துப் போனபின்
நானும் குனிந்து ஒரு கை அள்ளினேன்.
லேசான கரிப்பு. குடிக்கலாம்.
நிமிர்ந்தால், கருத்த முதுகோடு ஒரு வெளிமான் கிடா
நான் எப்போது நகருவேன் என்று நின்றது.

இதற்குக் கட்டம் இல்லை.
கூட்டத்தில் சொல்ல எனக்கு நாற்காலியும் இல்லை.

அந்தச் செவலையை ஐப்பசி மழையில்
அகஸ்தியன்பள்ளி வளைவில் உப்பு லாரி அடித்தது.
மானாயிருந்தால் வழக்கு.
மாட்டு டாக்டர் போன் எடுக்கவில்லை,
ஜேசிபி வரவில்லை.
ரோட்டோரம், கடப்பாரையும் கூடையுமாய்,
காத்தமுத்துவும் நானும் இருட்டும்வரை
குழி பறித்தோம்.
முட்டளவுக்கே தண்ணீர் ஊறிவிட்டது.

"முப்பத்தேழு" என்கிறாள் நிரஞ்சனா.
பாலை மரங்களுக்கு இப்பால், காற்றுக்கு முதுகு காட்டி
நிற்பவை முப்பத்தேழுதான்.
தாழம்புதருக்குப் பின்னே
செவலையாய் ஒரு குட்டி, தனியே,
எந்த மடியோடும் ஒட்டாமல்.

"அவ்வளவுதானேண்ணே?"

புதரைப் பார்க்காமல் இருக்க
பூநாரைகளைப் பார்த்தேன்.
"அவ்வளவுதாம்மா."

அவளும் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.
கொஞ்ச நேரம் தொலைநோக்கியை இறக்கவில்லை.
பிறகு பேனாவை மூடி
மிட்டாய் ஒன்றை நீட்டினாள்.
வெயிலில் இளகி
தாளோடு ஒட்டியிருந்தது.